உடற்பருமனும் கால் நரம்புகளும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மோட்டார்ச் சாலை ஏறாத நாட்களில், ஜவ்வாது மலைவாழ் மக்கள் சாமையையும் புளியையும் தேனையும் தலையிலும் தோளிலும் சுமந்து, காட்டு வழியாகவே சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கினர். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே வழியில் ஏறித் திரும்பினர். இன்று சாலை எட்டியுள்ள ஊர்களில் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் அந்த வேலையைச் செய்கின்றன. இது நல்ல மாறுதலே. பேறுகாலப் பெண்ணைத் தூளியில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கிய காலத்திற்குத் திரும்பிச் செல்ல எவரும் விரும்பார். ஆயினும், சாலை வந்த ஊர்களில் கால்களுக்கு இருந்த வேலை குறைகின்றது என்பதையும், அதன் பயன் உடலில் எங்கே முதலில் தெரிகின்றது என்பதையும் ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

மலைமக்களிடையே இன்றும் உடற்பருமனைக் காட்டிலும் இரத்தசோகையும் ஊட்டக்குறைவுமே பெரிய கவலைகள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் மலையடிவாரத்திலும் சமவெளியிலும் நிலைமை வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் மிகை எடை உள்ளவராயிருந்தனர். 2019-21-இல் இது 40 ஆயிற்று. ஆண்களில் 28-ஆக இருந்தது 37 ஆயிற்று. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உடையவர் எனக் காட்டிற்று. சமவெளியில் நேற்று வந்தது மலைக்கு நாளை வராது என்று எண்ணுவதற்கு இடமில்லை. ரேஷன் அரிசியும், பொட்டலத் தின்பண்டமும், சர்க்கரை மிகுந்த பானமும் சாலை ஏறிய அன்றே மலை ஏறிவிட்டன.

பருமன் என்றவுடன் நாம் மாரடைப்பையும் மூட்டுவலியையும் எண்ணுகிறோம். நரம்பை எண்ணுவதில்லை. ஆனால் உழவருக்கு மிகுந்த நஷ்டத்தை விளைவிப்பது பெரும்பாலும் காலின் நரம்பே. எப்படி என்று பார்ப்போம்.

முதுகுத்தண்டின் அருகே உள்ள ஓர் உணர்ச்சி நரம்பணுவிலிருந்து புறப்படும் மெல்லிய இழை, இடுப்பையும் தொடையையும் கெண்டைக்காலையும் கடந்து, கால்விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகின்றது. அணு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இழையோ அத்தனை நீளம். இழைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி அணுவிலேயே உண்டாகி, வழிநெடுகக் கொண்டுசெல்லப்பட வேண்டும். போதாக்குறைக்கு, மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியிலே அதற்கு ஊட்டம் தருகின்றன. ஏரிப்பாசனம் அறிந்தவர்க்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதகில் தண்ணீர் குறைந்தாலும், வாய்க்காலில் தூர் சேர்ந்தாலும், தலைமடைக்காரர் ஒருவாறு சமாளித்துக்கொள்வார். முதலில் காய்வது கடைமடை வயலே. நம் உடலில் நரம்பின் கடைமடை, கால்விரல் நுனி.

இரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் அளவு மீறி நிற்கும்பொழுது இரண்டு கேடுகள் விளைகின்றன. நுண்குழாய்கள் தடித்து ஊட்டம் குறைகின்றது. நரம்பிழையினுள் சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள், எரிக்க இயலாத கொழுப்பால் திணறிப் பழுதடைகின்றன. ஆகவே, சர்க்கரை நோய் வந்த பின்னரே நரம்பு கெடும் என்ற எண்ணம் சரியன்று. அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பருமனற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கே இந்நரம்புக் கேடு காணப்பட்டது. பருமனுடையோரில், சர்க்கரை அளவு சரியாக இருந்தவர்களிலேயே நூற்றுக்கு 11 பேருக்கும், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் 29 பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 35 பேருக்கும் அது காணப்பட்டது. ஆராயப்பட்டோர் தொகை சிறிதே. எனினும் படிப்படியாக ஏறும் வரிசை கவனிக்கத்தக்கது.

நோய் தொடங்கும்பொழுது பாதம் எரியும். இரவில் ஊசி குத்தும். எறும்பு ஊர்வது போலவும் பஞ்சின் மேல் நடப்பது போலவும் தோன்றும். இந்நிலையில் மனிதர் வைத்தியரிடம் செல்வார். ஆண்டுகள் சில சென்றபின் எரிச்சல் தணிந்து கால் மதமதத்துவிடும். நோய் நீங்கிற்று என்று அவர் மகிழ்வார். உண்மையில் வலியைச் சொல்ல நரம்பு அங்கே மிஞ்சவில்லை என்பதே அதன் பொருள். அதன்பிறகு வரப்பில் ஒரு கருவேல முள் ஏறினாலும், செருப்பின் வாரில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. மாலையில் காலைக் கழுவும்பொழுது, இல்லத்தரசி இரத்தக்கறையைக் கண்டு சொன்னால்தான் உண்டு. காய்ப்பின் அடியில் சீழ் கோத்து, எலும்பைத் தொட்டு, இறுதியில் விரலையோ பாதத்தையோ எடுக்க நேரிடுகின்றது. காலை இழந்த உழவரின் நிலம் குத்தகைக்குப் போகின்றது. சிகிச்சைச் செலவுக்குக் கறவை மாடு விலையாகின்றது. வலி என்பது தொல்லை என்று நினைக்கிறோம். அது சம்பளமில்லாக் காவற்காரன்.

வலியற்ற காலைக் காப்பது எப்படி என்ற கலையை உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கின்றது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமாக உதிர்வதில்லை என்றும், உணர்ச்சி இழந்தமையால் அடிபட்டும் தேய்ந்தும் அழிகின்றன என்றும் கண்டு காட்டினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் நிலையத்தில் இப்பணி வளர்ந்தது. பாதத்தின் பாரம் ஓரிடத்தில் அழுந்தாமல் பரவும்படி, நுண்துளை ரப்பரால் மென்மையான செருப்புகள் இங்கே செய்யப்பட்டன. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவுக்குச் சென்றபின், அங்கே சர்க்கரை நோயாளரின் பாதப் புண்ணுக்கும் இதே அறிவைப் பயன்படுத்தினார். ஆற்காட்டுச் சீமையில் ஏழைத் தொழுநோயாளருக்காகக் கண்ட உபாயம், செல்வநாட்டு நோயாளரின் கால்களையும் காத்தது என்பதை நம் வட்டாரத்தார் அறிந்திருக்க வேண்டும்.

புண்ணைத் தடுப்பது ஒருபுறமிருக்க, நரம்பையே காக்க வழியுண்டா? உண்டு, அது நடை. இத்தாலி நாட்டில், நரம்புக் கேட்டின் அடையாளம் இன்னும் தோன்றாத சர்க்கரை நோயாளர் 78 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினர் வாரத்திற்கு நான்கு மணி நேரம் விரைந்து நடந்தனர். மற்றவர் வழக்கம்போல் இருந்தனர். நான்கு ஆண்டு முடிவில், நடவாதவர்களில் நூற்றுக்கு 30 பேர் வீதம் உணர்ச்சி நரம்பில் கேடு அடைந்தனர். நடந்தவர்களில் 6 அல்லது 7 பேர் வீதமே அடைந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்து ஏற்கெனவே கால் நரம்பு கெட்டவர்களுக்கு, உணவையும் நடையையும் ஓராண்டு ஒழுங்குபடுத்தினர். தோலில் மிளகளவு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் நரம்பிழைகளை எண்ணிப் பார்த்ததில், இழைகள் முன்னைவிடப் பெருகியிருந்தன, வலியும் குறைந்திருந்தது. பட்டுப்போன கொம்பு துளிர்ப்பது போல, முற்றிலும் மாளாத நரம்பு மீண்டும் கிளைக்கக் கூடும் என்பது இதனால் விளங்கிற்று. இழை முழுதும் மாண்டு ஆண்டுகள் பல ஆனபின் இதை எதிர்பார்க்க இயலாது.

நடை ஏன் இதைச் செய்கின்றது? நடக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் வாங்கி எரிக்கின்றது; நுண்குழாய்கள் விரிகின்றன; நரம்பின் சக்தி உறுப்புகள் புதுப்பிக்கப்படுகின்றன. எடை அதிகம் குறையாவிட்டாலும் இப்பயன்களில் ஒரு பகுதி கிடைக்கின்றது என்பதே முக்கியம். இரண்டு மாதம் நடந்தும் தராசு முள் அசையவில்லை என்று சலித்து விட்டுவிடுவோர் பலர். தராசு காட்டாத இலாபமும் உண்டு.

சர்க்கரை நோயே வராமல் தடுப்பதற்கும் நம் நாட்டுச் சான்று இருக்கின்றது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில், அறிவுரை மட்டும் பொதுவாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். உணவும் நடையும் ஒழுங்குபட்டவர்களில் 39 பேரே ஆயினர். மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு பயனே கிட்டிற்று. நடைக்கு விலையில்லை என்பதை இங்கே நினைவு கூரலாம்.

இனி அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக் குழாய் போலக் குறுக்குவது ஒரு முறை. இரைப்பையைச் சிறு பையாக்கி, உணவு குடலின் முற்பகுதியைத் தொடாமல் கீழே சென்று சேரும்படி வழிமாற்றி இணைப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையின் தொடக்கம் 1966-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எட்வர்ட் மேசன் என்பவரால் ஏற்பட்டது. வயிறு சிறுப்பது மட்டுமன்றி, பசியையும் சர்க்கரையையும் ஆளும் குடற் சுரப்புகளும் மாறுவதால், எடை வெகுவாகக் குறைகின்றது. பலருக்குச் சர்க்கரை நோயும் தணிகின்றது. நரம்பின் கதி என்ன? மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டோர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தொடையிலுள்ள நரம்பிழைகள் பெருகியிருந்தன. கீழ்க்காலிலுள்ளவை மேலும் கெடாமல் நின்றன. ஆண்டுதோறும் தேய வேண்டியது தேயாமல் நின்றதே ஓர் ஆதாயம். ஆனால் தலைமடை தழைத்த அளவு கடைமடை தழைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 435 பேரில் 71 பேருக்குப் புதிதாக நரம்புக் கேடு உண்டாயிற்று. பித்தப்பை அறுவை செய்துகொண்ட பருமனானவர்கள் 123 பேரில் 4 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. நரம்பைக் காக்க வேண்டிய சிகிச்சை நரம்பைக் கெடுத்தது ஏன்? மிக விரைவாக எடை இழந்தோர், நீண்ட நாள் வாந்தி எடுத்தோர், உணவு ஆலோசனைக்கு வராதோர் ஆகியோருக்கே இது மிகுதியாக வந்தது. காரணம், ஊட்டக்குறைவு.

இந்நோயைத் தமிழ்நாடு வேறு பெயரில் முன்பே அறியும். மில்லில் நன்கு தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்டவர்களுக்குக் கால் மரத்து, தளர்ந்து, வீங்கும் பெரிபெரி நோய் முன்னாளில் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பரவியிருந்தது. தவிட்டோடு தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து போய்விட்டதே அதற்குக் காரணம். புழுங்கலரிசி உண்டவர்களை அந்நோய் அதிகம் அணுகவில்லை. அவிக்கும்பொழுது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகின்றது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தோற்றுவித்து, பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட உணவு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பெரும்பணி செய்தது. அன்று வறுமையும் மில்லும் செய்ததை இன்று, சுருங்கிய வயிறும் ஓயாத வாந்தியும் செய்கின்றன. தயமின் உடலில் இரண்டு மூன்று வாரத்திற்கே இருப்பு உள்ளது. பி12 சத்தோ சில ஆண்டுகளுக்கு இருப்பில் நிற்கும். ஆதலால் அதன் குறைவு, அறுவையை மறந்துவிட்ட காலத்தில் மெல்ல வந்து நிற்கும். எனவே, அறுவை செய்துகொண்டவர் உயிர்ச்சத்து மாத்திரைகளையும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையையும் வாழ்நாள் முழுதும் விடலாகாது. அறுவைக்குப் பின் சில நாட்களுக்கு மேல் வாந்தி நீடித்தாலோ, கால் மதமதத்தாலோ, பார்வை இரட்டையாகத் தோன்றினாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக்கூடாது. இதே தொடர்பில் இன்னொன்று: சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்பார்மின் மாத்திரை உட்கொள்வோருக்கும் பி12 குறைவதுண்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பரிசோதனை செய்யும்படி டாக்டரைக் கேட்டல் வேண்டும்.

அறுவை யாருக்கு? உடலின் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். இந்தியருக்கு 23 முதல் மிகை எடை, 25 முதல் பருமன் என்று 2009-இல் நம் நாட்டு வல்லுநர் வகுத்தனர். 37.5-க்கு மேலும், அல்லது சர்க்கரை போன்ற நோயுடன் 32.5-க்கு மேலும் இருந்தால் அறுவையைக் கருதலாம் என்றும் அவர்களே கூறினர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 25 என்பது 64 கிலோ, 32.5 என்பது 83 கிலோ, 37.5 என்பது 96 கிலோ. 2022-இல் சர்வதேசச் சங்கங்கள் ஆசிய நாட்டவர்க்கு இவ்வெல்லையை 27.5 வரை தளர்த்தியுள்ளன. தகுதி என்பது வேறு, தேவை என்பது வேறு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் விளம்பரம் கண்டு காணியை அடகு வைத்து அறுவைக்குப் புறப்படுவதை இக்கட்டுரையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். மாறாக, நூறு கிலோவைக் கடந்து, நடக்கவே இயலாமல், சர்க்கரையும் கட்டுக்கடங்காதிருக்கும் ஒருவரை, சோம்பேறி, நடந்தால் சரியாகும் என்று ஏசுவதும் தவறு. அவருக்கு அறுவை உண்மையான உதவி. அதன் பின்னரும் நடை வேண்டும். அறுவை நடைக்கு மாற்றன்று.

கால் ஏற்கெனவே மரத்தவர் நடக்கலாமா என்ற ஐயம் எழும். புண் வரும் என்று அஞ்சி முன்பு டாக்டர்கள் தடுத்தது உண்டு. இப்பொழுது, புண் இல்லாத கால், தக்க செருப்பு, அன்றாடச் சோதனை என்ற மூன்றும் இருந்தால் நடக்கலாம் என்கின்றனர். பாதத்தில் புண் உள்ளவர் மட்டும் ஆறும்வரை நடை குறைத்து, உட்கார்ந்தபடி கை உடற்பயிற்சி செய்வது தக்கது. சேற்று வயலில் செருப்பு அணிய முடியாது என்பது தெரிந்ததே. கரையேறியவுடன் காலைக் கழுவி, விரல் இடுக்கையும் துடைத்து, வெளிச்சத்தில் பார்ப்பது அதற்கு ஈடு. திருவண்ணாமலைக் கிரிவலம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர், நல்ல நடைதான். ஆனால் மரத்த காலோடு சித்திரை வெயிலில் வெறுங்காலில் சுற்றினால், தார்ச்சாலையின் சூடு தோலை வேக வைப்பதும் தெரியாது. வெயில் தாழ்ந்தபின் செல்லலாம். பாதத்திற்கு எது தக்கது என்று டாக்டரையும் கேட்டுக்கொள்ளலாம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையின் சாமை நல்ல தானியம், நார் மிகுந்தது. தவிடு நீங்காமல் குத்தினால் பி1 சத்தும் உண்டு. ஆயினும் சாமையைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விற்போர் சொல்வதை நம்பி மூன்று படி சோறு உண்ணலாகாது. அளவு மீறினால் அதுவும் மாவுச்சத்தே. பட்டைத் தீட்டி வெள்ளையாக்கிய சாமைக்கும் பச்சரிசிக்கும் அதிக வேற்றுமை இல்லை. மலையில் விளைந்த சாமை முழுதும் சமவெளிக்கு விலைபோய், விளைவித்தவர் வீட்டில் தீட்டிய அரிசி வேகுவது வருந்தத்தக்கது.

ஊராட்சி மன்றம் செய்யக்கூடியது சிறிதன்று. ஊருக்குள் விளக்குடன் கூடிய சமதளப் பாதை ஒன்று இருந்தால், பகலெல்லாம் வேலையுள்ள பெண்கள் மாலையில் நடப்பர். விளக்கில்லாத பாதையில் எவ்வளவு பிரசங்கம் செய்தும் அவர்கள் நடக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீடு தேடி வரும்பொழுது, இரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் பாதத்தையும் பார்க்கும்படி கேட்கலாம். கிராம சபை கூடும் நாளில், நாற்பது வயது கடந்த அனைவருக்கும் விரல் தொடு சோதனை நடத்தலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

சோதிக்கப்படுபவர் செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றொருவர் தம் சுட்டுவிரல் நுனியால், ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு வினாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவும் கூடாது, தடவவும் கூடாது, ஒரு விரலை இரண்டாம் முறை தொடவும் கூடாது. தொட்டவுடன் வலம் அல்லது இடம் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற்போனால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். அதுவரையில் அவர் வெறுங்காலில் நடவாமலும், பாதத்தை வெந்நீரில் வைக்காமலும், காய்ப்பைப் பிளேடால் சீவாமலும் இருத்தல் வேண்டும். செருப்பினுள் காலை நுழைக்குமுன் உட்புறத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லும் ஆணியும் இருந்தால் கைக்கு இன்னும் தெரியும்.